சின்ன ரூம் ஹீட்டர்

என் கணவர் அனந்தராமனுக்கு எரிகிற சுவிட்சைக் கண்டால் கை சும்மா இருக்காது. நான் சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போவார். கத்தினால், "ஓ, நீ இருக்கியா?" என்பார். கீசருக்கு ரிச்சி தெருவிலிருந்து ஒரு டைமர் வாங்கி மாட்டியிருக்கிறார். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பாதிக் குளியலில் நான் பச்சைத்தண்ணீரில் நின்ற நாட்கள் உண்டு. கேட்டால் மயிலாப்பூரில் என்ன பனியா கொட்டுகிறது என்பார்.

எங்கள் ஒரே பிள்ளை நிரஞ்சன் இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கிறான். விவாகரத்தாகி இரண்டு வருஷம். பேத்தி சாரு தன் அம்மாவிடம் இருக்கிறாள். ஏழு வயசு. குழந்தையைத் தன்னிடமும் அனுப்பவேண்டும் என்று இவன் அங்கே கோர்ட்டில் கேட்டிருந்தான். நான் அவள் முகத்தைப் பார்த்தும் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் வாயைத் திறக்கக்கூடாது. "அந்தப் பேச்சை எடுக்காதேம்மா, நானே சொல்றேன்" என்று சொல்லிவிட்டான் மகராஜன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பாவும் பிள்ளையும் ஹீட்டரைப் பற்றிப் பேசினார்கள். புது வீட்டில் ரூமுக்கு ஒன்றாகச் சுவரில் பலகை மாதிரி ஹீட்டர் மாட்டியிருக்கிறதாம். வெறும் சுவிட்ச்தான், டைமர் கிடையாது. எந்த டைமர் வாங்கலாம் என்று கேட்டான். இவருக்குப் பரம சந்தோஷம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு தினுசு இருக்குப்பா" என்றான் நிரஞ்சன். "ஒண்ணுல ஒரு நாளைக்கு செட் பண்ணினா தினம் அதே மாதிரி ஓடும். இன்னொண்ணுல ஏழு நாளும் தனித்தனியா வெச்சுக்கலாம்."

"முதல் தினுசே போறும். நீ ஒண்டிக்கட்டை. தினம் ஆபீஸ் போறே, வரே. திங்கட்கிழமை குளிருக்கும் வியாழக்கிழமை குளிருக்கும் என்னடா வித்தியாசம்?"

"ஹாலுக்கு அது போறும்பா. சின்ன ரூமுக்கு ஏழு நாள் டைமர்தான் வேணும்."

"சின்ன ரூமுக்கு எதுக்கு? ஆள் இல்லாத ரூமை அணைச்சு வைன்னு நீ குடிபோனப்பவே சொன்னேனே!"

"அணைச்சுதான் வெச்சிருந்தேன்" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அங்க வெள்ளிக்கிழமை சாயந்திரத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் சூடா இருக்கணும்பா."

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மனுஷருக்கு உறைத்தால்தானே! "அது என்னடா கணக்கு? வெள்ளிக்கிழமை யார் வரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"கோர்ட் ஆர்டர் வந்துடுத்தாடா? சாருவை அனுப்பறாளா?"

தலையை ஆட்டினான். "ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்மா. போன வாரமே வந்தா."

"அடப்பாவி! வந்து போயாச்சா? பெத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?" எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "என்ன சாப்பிட்டா? உயரமாயிட்டாளா? என்னை ஞாபகம் இருக்காமா?"

கீழே மாட வீதியில் எவனோ ஹாரனில் கையை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

"சொல்ற மாதிரி இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?" என்றான். "அவ வந்தப்புறம்தான் அந்த ரூம் ஹீட்டரைப் போட்டேன். மாசக்கணக்கா அணைஞ்சு கிடந்த ரூம். சுவரெல்லாம் ஐஸ். புது போர்வை, பொம்மை எல்லாம் வாங்கி வெச்சிருந்தேன், எதையும் தொடலை. கோட்டையே கழட்டலைம்மா. கோட்டோடயே கட்டில்ல உக்காந்துண்டு, 'உன் வீடு குளிர்றதுப்பா, என்னை அம்மாகிட்ட கொண்டு விட்டுடு'ன்னா. அழக்கூட இல்லை. கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். அடுத்த தடவை வரமாட்டேன்னு சொல்லிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?"

பக்கத்தில் இவரைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அணைச்சு வை, அணைச்சு வை என்று பிள்ளைக்கு ஊட்டி வளர்த்தது யார் என்று கேட்க நாக்கு துடித்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்க மனசு வரவில்லை. போனை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார்.

"நிரஞ்சா."

"அந்த ஏழு நாள் டைமர் சரியா வராதுப்பா" என்று அவன் முந்திக்கொண்டான். "எனக்கே இப்பதான் தோணறது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்னா மொபைல்லேர்ந்து மாத்தற மாதிரி ஒண்ணு இருக்கு. அதை வாங்கி, அவ வர வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானமே—"

"எதுவும் வாங்காதே."

"என்னப்பா?"

"அந்த ரூமுக்கு டைமர் வேண்டாம். இப்பவே போய் ஹீட்டரைப் போடு. போட்டுட்டு அணைக்காதே."

"ராப்பகலாவா? பில் எக்கச்சக்கமா வரும்பா. ரெண்டு வாரத்துல ரெண்டு நாள்தானே அவ வருவா?"

"வரட்டும்டா பில்லு!" இவர் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "குழந்தை ஒரு நாள் முன்னாடி வரேன்னு சொல்லலாம். வழியில உன்னைப் பார்த்து, அப்பாவாத்துக்குப் போறேன்னு நிக்கலாம். என்னிக்கு வந்தாலும் கதவைத் திறந்தா கோட்டைக் கழட்டத் தோணணும். போ, போடு. நான் லைன்லயே இருக்கேன்."

நிரஞ்சன் போனைக் கையில் பிடித்தபடி நடந்தான். அந்தச் சின்ன ரூமை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். கட்டிலில் மஞ்சள் போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது.