தந்தி கொண்டுவந்த சேதி

வகுப்பில் அவளுக்குத் ‘தந்தி’ என்று பெயர். வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொண்டு தந்தி அடிக்கிற மாதிரி தட்டுமாம். அந்தப் பெயருக்குப் பயந்தே, பத்து வயதுப் பெண், விடை தெரிந்தாலும் உதட்டைப் பிதுக்கிவிடுவாள். வெளியே போக அனுமதி கேட்க வேண்டுமே என்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அவளைக் கேலி செய்யாத ஒரே ஜீவன் பக்கத்து இருக்கைக்காரி. ஒல்லிக்குச்சி. அவளுக்கு மூச்சிளைப்பு, புத்தகப்பையில் எப்போதும் மருந்துக்குழல் இருக்கும்.

அன்று விளையாட்டு நேரம் முடிந்து, பந்தை வைக்க ஒல்லிக்குச்சி சாமான் அறைக்குள் போனாள். காவலாளி உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பூட்டி, சாவிக்கொத்தை ஆசிரியர் அறையில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். கால் கழுவிவிட்டு வந்த தந்தி, தோழியைக் காணாமல் சாமான் அறைக் கதவில் காதை வைத்தாள். தூசிக்குள் இருமல். பிறகு விசில் மாதிரி மூச்சு.

ஆசிரியர் அறைக்கு ஓடினாள்.

கணக்கு டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“ப்... ப்... ப்...”

‘பூட்டு’ வரவேயில்லை. தாடை இரும்பாய் இறுகியது.

“என்னம்மா, பென்சில் வேணுமா? பசிக்குதா?”

இல்லை என்று தலையைத் தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டியது.

“பதறாதே. கிளாஸ்ல போய் உட்காரு, அமைதியானதும் வந்து சொல்லு.”

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அங்கே மூச்சு அதுவரை காத்திருக்குமா?

ஆணியிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தாள்.

“ஏய்! சாவியை எங்க தூக்கிட்டுப் போறே?”

திருடி என்று சொல்லிவிடுவார்களோ? சாமான் அறைப் பூட்டில் சாவியை நுழைத்தாள். முதல் சாவி சேரவில்லை. இரண்டாவதும் சேரவில்லை. டீச்சர் வந்து தோளைப் பிடித்த நேரம், மூன்றாவது சாவி திரும்பியது.

கதவோரம் சுருண்டு கிடந்தாள் ஒல்லிக்குச்சி. உதடு நீலம். “ஐயோ!” என்று டீச்சர் வாரியெடுக்க, தந்தி வகுப்புக்குப் பறந்து மருந்துக்குழலோடு வந்தாள்.

மாலையில், ஒல்லிக்குச்சிக்கு மூச்சு சீரான பிறகு, தலைமையாசிரியை அறை. ஒல்லிக்குச்சியின் அம்மா தந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். “உள்ள இருக்கான்னு எப்படிம்மா கண்டுபிடிச்சே?”

டீச்சர் அவளுக்காகச் சொல்ல வாயெடுத்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

“இ... இ...”

யாரும் சொல்லை எடுத்துக்கொடுக்கவில்லை. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

“...இருமினா. நா... நான் கேட்டேன்.”