எண்பத்தேழாம் நாடகத்தில் ஒரு கட்டுமரம்

1960 ஆகஸ்டு 19, வெள்ளி.

நேற்று வானொலியில் வந்த துப்பறியும் தொடரின் எண்பத்தேழாவது நாடகம் மோசமானது. 'மோசம்' என்று எழுதி இரண்டு முறை அடித்தேன். மூன்றாவது முறையும் அதே சொல்தான் வந்தது.

எங்கள் மாலைச் சுருக்கெழுத்து வகுப்பில் வியாழன்தோறும் இந்தத் தொடரைக் கேட்டு எழுதுவோம். மறுநாள் ஒருவர் தான் எழுதியதைப் படித்துக் காட்டி, நாடகம் எப்படி என்று தீர்ப்பும் சொல்ல வேண்டும். நாராயணசாமி சார் வைத்த வழக்கம். இந்த வாரம் என் முறை. இந்த வார நாடகத்தை வானொலிக்கு எழுதி அனுப்பியவனோ, என் பெஞ்சிலேயே உட்காரும் ராஜாங்கம். நேற்று எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தான். நானும் தின்றேன்.

நாடகத்தில் வியாபாரியைக் கொல்பவன் மாரி என்ற மீன்காரன். ஏன் கொன்றான் என்று கடைசிவரை இல்லை. குப்பத்தான் என்பதே போதும் போலிருக்கிறது. இன்ஸ்பெக்டர் துரத்துகிறார். "ஐயோ! கரையில் நின்ற கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு தப்பிவிட்டானே!" என்கிறார். சொல்லுக்குச் சொல் என் நோட்டில் இருக்கிறது.

கட்டுமரம் அப்படி நிற்காது. இதைச் சொன்னால், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வகுப்பில் சேர்ந்த அன்று ஜன்னலுக்குக் கீழே மீன்கூடையோடு ஒரு அம்மாள் போனபோது ராஜாங்கம் மூக்கைப் பிடித்தான். நான் எங்கள் குப்பத்தை மறைத்து, பதிவேட்டில் ஊர் 'சாரம்' என்று எழுதிவிட்டேன். இரண்டு வருடமாகச் சாரத்துக்காரன்.

கட்டித் தள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கே சந்தேகம் வந்தது. விடியற்காலையில், மில்லில் வேலை செய்யும் முத்துவின் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு கரைக்குப் போனேன். அப்பாவும் அம்மாவாசைச் சித்தப்பாவும் மரங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஓரத்துக்குச் சுமந்து, வரிசை பார்த்து அடுக்கி, முன்னும் பின்னும் கயிறு போட்டு இறுக்கித் தள்ளினார்கள்.

"எதுக்குடா மணி பாத்துக்கினு நிக்கற?" என்றார் அப்பா.

"கிளாசுல கேட்டாங்கப்பா."

"கிளாசுல இதெல்லாமா கேக்கறாங்க?" என்று சித்தப்பா சிரித்தார்.

பத்தொன்பது நிமிடம்.

மாலையில் நோட்டைப் படித்து முடித்தேன். ராஜாங்கம் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து, பிரெஞ்சுக்காரர் பாணியில் என்னை 'முசியே' ஆக்கினான்.

"முசியே சிகாமணி, தீர்ப்ப சொல்லுங்க. சீக்கிரம், எனக்குப் போடற மாலை வாடுது."

"கட்டுமரம் கட்டினபடி கரையில நிக்காது. கடல்லேருந்து வந்ததும் அவுத்துத் தனித்தனி மரமா காயப் போடுவாங்க. மறுபடி கட்டித் தள்ள ரெண்டு பேருக்குப் பத்தொன்பது நிமிஷம் ஆவுது. இன்ஸ்பெக்டர் டீ குடிச்சிட்டு வந்தே புடிச்சிருக்கலாம்."

பின்வரிசை சிரித்தது. ராஜாங்கத்தின் முகம் சிவந்தது.

"சாரத்துல ஏதுடா கடலு? நிமிஷக் கணக்கு எவன் குடுத்தான்?"

'கேள்விப்பட்டேன்' என்று ஒரு பதிலை நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்தேன். படிக்கவில்லை.

"எங்கப்பா கன்னியப்பன். குப்பத்துல மரம் ஓட்டறாரு. காலையில நான்தான் மணி பாத்தேன்."

"அதான பாத்தேன்! ரெண்டு வருஷமா இந்த நாத்தம் எங்கேருந்து வருதுன்னு!" தன் நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனான்.

"நீ எழுதினது அதவிட நாறுது," என்றேன்.

"போதும்பா," என்றார் சார். "தீர்ப்பு இன்னா?"

"மோசம் சார். எழுதினவருக்குக் கட்டுமரமும் தெரியல. அதுல போற ஆளும் தெரியல."

 சார் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். 'சாரம்' என்பதை நானே அடித்தேன். பெஞ்சில் என் பக்கத்து இடத்துக்கு யாரும் வரவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அப்பாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. இளவட்டங்கள் இன்னும் விரைவாகக் கட்டலாம். நாளை எங்கள் குப்பத்து வடிவேலும் அவன் தம்பியும் கட்டும்போது மணி பார்க்க வேண்டும். நேரம் குறைந்தால் ராஜாங்கத்திடம் போய்ச் சொல்வேன். தீர்ப்பை மாற்ற மாட்டேன்.