எட்டு ஆன்டெனா

என்னைக் கல்யாணம் செய்துகொள்ள அரை மணி நேரத்தில் தலையாட்டிய மனிதர், ஒரு ரூட்டர் வாங்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

என் கணவர் குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடையில் மேற்பார்வையாளர். எது பெரிதோ அதுவே நல்லது என்று நாள் முழுக்க ஊராருக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே அதை நம்பிவிட்டார். வீட்டில் இரண்டு பேர்தான். குக்கர் ஏழு லிட்டர்.

ரூட்டர் என்னவோ எனக்காகத்தான். கட்டடங்களில் தண்ணீரும் கழிவும் போகிற குழாய்களுக்கு வரைபடம் போடுவது என் தொழில். பன்னிரண்டு வருஷம் ஓர் அலுவலகத்தில் மாடு மாதிரி உழைத்துவிட்டு, போன வருஷம் வேலையை உதறினேன். "வீட்டுல உக்காந்து என்ன கிழிக்கப் போறே? ஒரு வருஷத்துல திரும்பி வருவே, பாரு" என்றார் மேலாளர். வருஷம் முடியப் போகிற நேரத்தில் ஐந்து மாடி மருத்துவமனை ஒன்றின் வேலைக்கு வரைபடம் போட்டுக் காட்டச் சொல்லி அழைப்பு வந்தது. அது கிடைத்தால் சொந்தக் காலில் நிற்பேன். கிடைக்காவிட்டால் அந்த மேலாளர் முன்னால் போய்ப் பல்லிளிக்க வேண்டும்.

"நாப்பத்திரண்டு தாள் வரைபடத்தையும் பென்டிரைவுல தூக்கிட்டு அலைவியா? வீட்டுலயே ஒரு சர்வர் வெச்சிடலாம். நீ எங்க போனாலும் அங்கேருந்தே திறந்து காட்டலாம்" என்றார் இவர். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டிச் செருப்பு அலமாரி மேல் ஏற்றி, அதற்கு சர்வர் என்று பெயரும் வைத்தார். நானும் மடிக்கணினியில் ஒன்றுகூட வைக்காமல் என் வரைபடங்களை எல்லாம் அதில் கொண்டுபோய்க் கொட்டினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இணையக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த மோடம் அவர் கண்ணுக்குத் தீப்பெட்டியாகத் தெரிந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் ரூட்டர், படுக்கையில் ரூட்டர். தாளில் கட்டம் போட்டு, பதினாறு ரூட்டர்களின் பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார். அத்தனை ஆராய்ச்சியும் முடிந்த பிறகு கடைக்குப் போய், இருப்பதிலேயே அதிக ஆன்டெனா உள்ளதைத் தூக்கிக்கொண்டு வந்தார். எட்டு ஆன்டெனா! மல்லாந்து செத்த சிலந்தி மாதிரி அது செருப்பு அலமாரியில் கிடந்தது.

கம்பி இழுக்க வந்த லைன்மேன் அதைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார். "சார், ரூட்டர் எதுவா இருந்தாலும் ஒண்ணுதான். வெளியிலேருந்து உங்க சர்வருக்கு வரணும்னா வீட்டுக்குத் தனி இன்டர்நெட் முகவரி வேணும். இப்ப ஐம்பது அறுபது வீட்டுக்குச் சேத்து ஒரே முகவரிதான் ஓடுது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டா தனியா தருவாங்க."

"நீங்க கம்பிய இழுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் இவர். நானும் லைன்மேனைப் பார்த்துச் சிரித்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் சோதனை. போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியவர், அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். "தெருவுல நிக்கறேன். ஒன்பதாம் தாள் கண்ணாடி மாதிரி திறக்குது!" பிறகு முனையில் இருக்கும் மருந்துக்கடை வாசலிலிருந்து கூப்பிட்டார். "இங்கயும் திறக்குது! எட்டு ஆன்டெனான்னா சும்மாவா?" வீடு திரும்பியபோது மலையைப் பெயர்த்தவர் நடை அவருக்கு.

வரைபடம் காட்டும் கூட்டத்துக்குப் பென்டிரைவில் ஒரு பிரதி கொண்டுபோகலாமா என்று கேட்டேன். முகம் சுண்டிவிட்டது. மூன்று நாள் அந்த முகத்தோடு குடும்பம் நடத்துவதைவிடச் சும்மா போவதே மேல் என்று கிளம்பினேன்.

மருத்துவமனையைக் கட்டுகிற கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "காட்டுங்க" என்றார். மடிக்கணினியைத் திறந்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

"இங்க ஜம்முனு திறக்குதே! இரு, மருந்துக்கடைக்கும் போய்ப் பாக்கறேன்." ஐந்து நிமிடம் கழித்து, "இங்கயும் திறக்குதுமா. உன் பக்கம்தான் ஏதோ கோளாறு" என்றார்.

"போன்ல மேல பாருங்க. எந்த வைஃபைன்னு போட்டிருக்கு?"

"நம்ம வீட்டு வைஃபைதான்" என்றார் மெதுவாக.

எட்டு ஆன்டெனாவின் பெருமை இதுதான். அதன் சிக்னல் தெருவைத் தாண்டி மருந்துக்கடை வரை பாய்ந்திருக்கிறது. வெளியே நின்று சோதிப்பதாக நினைத்தவர் வீட்டு வைஃபையை விட்டு ஓரடிகூட வெளியே போகவில்லை. ஒற்றை ஆன்டெனாவோடு ஏதாவது வாங்கியிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

"பதினொன்றரைக்கு நான் சைட்டுக்குக் கிளம்பணும். அதுக்குள்ள காட்டினா பாக்கறேன். இல்லேன்னா இன்னொருத்தங்க வெளியில காத்திட்டிருக்காங்க" என்றார் தலைமைப் பொறியாளர். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மறுபடி போன் போட்டு இவரிடம் சொன்னேன். "இரு, கொண்டு வரேன்" என்று போனை வைத்தார்.

பதினொன்று பத்துக்குக் கதவு திறந்தது. சர்வர் பெட்டியைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு, அதன் மேல் எட்டு ஆன்டெனாவை வைத்து, கழுத்தில் ஒயர்களைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார் என் கணவர். காலில் குளியலறைச் செருப்பு. சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டதில் ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தது. லிஃப்ட் பழுதாம், நான்கு மாடியும் ஏறி வந்திருக்கிறார். பென்டிரைவில் போட்டு எடுத்துவந்தால் ஆகாதா? அது அவர் மண்டையில் உதிக்கவில்லை. உதித்தால் அவர் அவராக இருக்கமாட்டார்.

தரையில் மண்டியிட்டு எல்லாவற்றையும் மாட்டினார். நாற்பத்திரண்டு தாளும் திறந்தன. தலைமைப் பொறியாளர் கேட்கக் கேட்க நான் பதில் சொன்னேன். அறுவைச் சிகிச்சை அரங்கின் கழிவுக் குழாயை ஏன் தனியாக இறக்கினேன் என்று கேட்டார், சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே செய்யுங்க. திங்கக்கிழமை ஒப்பந்தம் அனுப்பறேன்" என்றார்.

அப்போதுதான் அவர் சுவரோரம் நின்றவரைக் கவனித்தார். "இவர் யாரு?"

நான் அந்தச் செருப்பைப் பார்த்தேன். கோணல் சட்டையைப் பார்த்தேன்.

"பெட்டி தூக்கிட்டு வந்தவர்" என்றேன்.

இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலைமைப் பொறியாளரைப் பார்த்து, "ஆமாங்க மேடம்" என்றார். குனிந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றிச் சுற்றினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவருகே போனவர், திரும்பி என்னிடம் கேட்டார்.

"இதை வீட்டுலயே இறக்கி வெச்சிடவாங்க மேடம்?"

குரலில் கோபமோ கேலியோ துளியும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். "பாவம், நல்ல மனுஷன். தண்ணியாவது குடிச்சிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம்" என்றார் தலைமைப் பொறியாளர். பெட்டியோடு ஒவ்வொரு படியாக அவர் இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை.