குழிக்கு வாடகை

சித்தப்பாவின் பைக் பட்டறைக்கும் சித்தியின் சலவைக்கடைக்கும் பின்னால் ஒரே கொல்லை. அதில் ஒரு கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு குழி. வண்டிகளிலிருந்து வடிக்கும் கழிவு எண்ணெயைச் சித்தப்பா அந்தக் குழியில்தான் ஊற்றுவார். மண் குடித்துக்கொள்ளும். மறுநாள் குழி காலி.

மண் குடித்ததைக் கிணறு கக்க ஆரம்பித்தது. துவைத்த துணியெல்லாம் நாறியது. ஹோட்டல்காரர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"விரிப்புல படுத்தா லாரிக்கு அடியில படுத்த மாதிரி இருக்குன்னு ரூம்ல தங்குறவங்க சொல்றாங்கம்மா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற கடை பார்த்துக்கிறேன்."

சித்தியின் கடை அவர் மூட்டையை நம்பித்தான் ஓடுகிறது.

"என்னங்க, பஸ் டிப்போ பக்கத்துல பழைய எண்ணெய் எடுத்துக்கிறாங்களாம். அங்க கொண்டுபோய்க் குடுங்களேன்."

"அவ்வளவு தூரம் யார் தூக்குறது? குழி சும்மாதானே கிடக்கு."

"சும்மா கிடக்குறதுதான் வினையே," என்றாள் சித்தி. கொல்லை அவள் பேரில் இருக்கிறது. "இனிமே குழிக்கு வாடகை. ஒரு டப்பா ஊத்தினா நூறு."

சித்தப்பா சிரித்த முகமாக ஒரு நூறை நீட்டினார். அதன் பிறகும் ஒவ்வொரு டப்பாவுக்கும் கேட்காமலே கொடுத்தார். கை இறுக்கமான மனுஷன் இப்படி அள்ளி விடுவது எனக்கு உறுத்தியது. சித்தி வாடகையை அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைப்பாள். சித்தப்பா அதே டின்னிலிருந்து எடுத்து மறுபடி வாடகை கொடுப்பார். முதல் நாளிலிருந்து ஒரே நோட்டுதான். மூலையில் இருந்த கிரீஸ் கைரேகைதான் காட்டிக்கொடுத்தது.

நான் சொன்னதும் சித்தி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பணத்துல அடிச்சா இந்த ஆளுக்கு வலிக்காதுடி. வலிக்கிற இடம் வேற."

சாயங்காலமானால் சித்தப்பா நகக்கண் வரை தேய்த்துக் கழுவி, மொடமொட வெள்ளைச் சட்டை போட்டு, கேரம் ஆடப் போவார். அந்தச் சட்டைக்குத் தெருவில் ஒரு மரியாதை உண்டு. அதை மட்டும் சித்தி இதுவரை வீட்டுக்குப் பிடிக்கும் குழாய்த் தண்ணீரில் அலசிவந்தாள்.

மறுநாளிலிருந்து வாடிக்கைத் துணிகளை லாரித் தண்ணீரில் துவைத்தாள் சித்தி. அது கட்டுப்படியாகாது. மிஞ்சிப் போனால் ஒரு மாதம் தாங்கும். சித்தப்பாவின் சட்டைக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர்.

கேரம் பலகையைச் சுற்றி இருந்தவர்கள் மூக்கைத் தூக்கினார்கள்.

"டேய், சிகரெட்டை அணைடா. இவன் வந்துட்டான், பத்திக்கப்போகுது."

ஒரு ஆட்டம்கூட முடிக்காமல் சித்தப்பா திரும்பி வந்தார்.

"நீயே மோந்து பாரு இந்தச் சட்டையை!"

"மோந்துக்கிட்டுத்தானே இருக்கேன், இத்தனை மாசமா. அது ஹோட்டல் விரிப்பா இருந்தப்போ உங்களுக்கு நாறலையே?"

விடிந்ததும் எண்ணெய் டப்பா டிப்போவுக்குப் போனது. குழியில் இருந்த கறுப்பு மண்ணையும் வெட்டி மூட்டை கட்டி அங்கேயே சேர்த்துவிட்டு, குழியை நல்ல மண் போட்டு மூடினார். ஆனாலும் சட்டை நாறியது.

"அதான் குழியை மூடிட்டேனே!"

"கிணத்துக்கு யார் போய்ச் சொல்றது? அது மெதுவாத்தான் நம்பும்."

அன்றிலிருந்து சட்டை காய்ந்ததும் இருவரும் காலரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மோந்து பார்ப்பார்கள். லாரித் தண்ணீர் மாதத்தைத் தாண்டியது. சித்தியின் வளையல் ஒன்று அடகுக்குப் போனது. அடுத்ததும் போக இருந்த சமயத்தில் ஒரு நாள் சித்தி காலரை விடாமல் இன்னொரு தடவை மூச்சை இழுத்தாள்.

"ம்... நாளைக்கு ஹோட்டல் விரிப்பு ஒண்ணை நனைச்சுப் பார்ப்போம்."

சித்தப்பா அந்தச் சட்டையை அப்போதே போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பேட்டரிக் கடைக்காரர் வேலியோரம் ஒரு வாளி ஆசிட் கழிவைச் சாய்க்கப் போனார்.

"யோவ்! நிறுத்துய்யா!"

"மண்ணுலதானே அண்ணே ஊத்துறேன்."

"மண்ணா?" சித்தப்பா வேலியைத் தாண்டியே விட்டார். "என் சட்டைய்யா அது!"