எழுத ஒன்றுமில்லாத நாள்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என் குரல் இப்போதெல்லாம் அடுத்த அறை வரைக்கும்கூடப் போவதில்லை. இன்றைக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி கதை சொல்கிறேன். அதில் சண்டை உண்டு, பொய்யும் உண்டு. பயப்படாதீர்கள், கெட்டவர்கள் யாரும் வரமாட்டார்கள்.

அன்று காலை அந்த வீட்டில் ஒரே கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் விசேஷங்களுக்கு மட்டும் போடுகிற சட்டையில், அவள் மடிப்புக் கலையாத நல்ல துணியில்.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

இருவர் பையிலிருந்தும் ஒரே மாதிரி நேர்காணல் கடிதம் வெளியே வந்தது. இயற்கை விவசாயத்துக்கான தர விதிகளுக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைக்கிறார்கள். நிலத்தில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று விதி எழுதுகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஒன்பது பேர். எட்டு நாற்காலிகள் படித்தவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் போய்விட்டன. விவசாயிக்கு மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்கு இவரை விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் பிடித்துத் தள்ளியிருந்தார்கள். அவளை யாரும் தள்ளவில்லை. தானாகவே விண்ணப்பம் போட்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க சொன்னீங்களா?"

"கிடைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"நானும் அப்படித்தான்னு வச்சுக்குங்க."

பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் மடியில் பண்ணை நோட்டுகள், ஒரு பை நிறைய. எல்லா வருஷத்து நோட்டையும் கொண்டுவரச் சொல்லிக் கடிதத்தில் இருந்தது. அக்கம்பக்கத்தில் அவருக்கு 'நோட்டு' என்றே பெயர். என்ன விதை, எந்த வாய்க்கால் தண்ணீர், எத்தனை கூடை எரு, மழை பெய்தால் மழை, பெய்யாவிட்டால் 'மழை இல்லை', ஒன்றுவிடாமல் எழுதுகிற மனுஷர். அந்தப் பையை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். விண்ணப்பத்தில் ஏழாவது கேள்விக்குத் தான் எழுதிய பதிலை இன்றைக்கு அவர் கேட்கப் போகிறார். பண்ணையின் இயற்கை விவசாயச் சான்றிதழ் போனாலும் பரவாயில்லை, இந்த மனுஷர் முகம் என்ன ஆகும் என்பதுதான் அவள் கவலை.

அந்த அலுவலக அறையில் நீள மேஜை, தலைக்கு மேல் டக்டக்கென்று சத்தம் போடும் மின்விசிறி. குழுவின் தலைவி, மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். விரலிடுக்கில் இன்னமும் மண் ஒட்டியிருக்கிற மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டே பேசினார். பக்கத்தில் சான்றிதழ் கொடுக்கும் இன்ஸ்பெக்டர். ஒரே பண்ணையிலிருந்து இரண்டு விண்ணப்பம் என்பதால் இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டிருந்தார்கள்.

"ஏழாவது கேள்வி," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க நிலத்துல எப்பவாவது விதி மீறல் நடந்திருக்கா? ஐயா 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. அம்மா 'உண்டு'ன்னு எழுதியிருக்கீங்க. நிலம் ஒண்ணுதானே?"

அவள்தான் பேசினாள், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"பதினோரு வருஷத்துக்கு முந்தி. இவர் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். பீன்ஸ்ல பூச்சி. எங்க ஸ்பிரேயர் உடைஞ்சு கிடந்துச்சு. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்ல கேட்டு வாங்கிப் பூண்டுத் தண்ணி அடிச்சேன். அதுல அவங்க களைக்கொல்லி அடிச்சிருந்தாங்க போல, நான் கழுவல. மூணாம் நாளு இலையெல்லாம் சுருண்டுபோச்சு. பிடுங்கிட்டு முள்ளங்கி விதைச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

"இப்ப ஏம்மா சொல்றீங்க?"

"உங்க விதிப் புத்தகத்துல விதைக்கு நாலு பக்கம், எருவுக்கு ஆறு பக்கம் இருக்கு. இரவல் வாங்கற சாமானைப் பத்தி ஒரு வரி இல்ல மேடம். அந்த ஒரு வரிக்காகத்தான் வந்தேன். இதைச் சொல்லாம அதை எப்படிக் கேப்பேன்?"

தலைவி மேஜைமேல் இருந்த நோட்டுப் பையிலிருந்து அந்த வருஷத்து நோட்டை உருவினார். பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் போனவர் ஓரிடத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"இன்று எழுத ஒன்றுமில்லை."

வாசித்துவிட்டு நோட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"மழை பெய்யலைங்கறதைக்கூட எழுதற ஆளு நீங்க. அன்னிக்கு என்னய்யா ஆச்சு?"

அவர் தொண்டையைச் செருமினார். "ஊர்லருந்து வந்தேன். முள்ளங்கி கோணல்மாணலா விதைச்சிருந்துச்சு. நூல் பிடிச்சு விதைக்கிற கைங்க இவ கை. வேலியோரம் பிடுங்கின செடி கிடந்துச்சு, இலையைப் பார்த்தேன். புரிஞ்சுபோச்சு. கேட்டா அழுவாளேன்னு கேக்கல." மனைவி பக்கம் கையைக் காட்டினார். "இவ எழுதினதுதான் நிஜம் மேடம். நான் எழுதினது பொய். என் பேரை எடுத்துடுங்க."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பதினோரு வருஷமாய் அந்த இடத்தில் களையெடுக்க அவரை விடாமல் தானே ஓடி ஓடிப் போனது ஞாபகம் வந்தது. அவரும் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் மண்வெட்டியோடு வந்ததில்லை.

தலைவி நோட்டை மூடினார். "மண்ணை எடுத்துப் பார்த்துடுவோம். அதுவரைக்கும் உங்க சான்றிதழ் நிறுத்தி வைக்கப்படும். அந்த நாற்காலியும் காலியாவே இருக்கும். வேற யாரையும் உட்கார வைக்க மாட்டேன்."

திரும்பி வருகிற பஸ்ஸிலும் ஒரே சீட்டுதான். பாதி தூரம் வந்த பிறகு அவர் அந்த நோட்டைத் திறந்து அவள் மடியில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடி கழற்றிக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பேனாவை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

"எழுது. நாலு வரிசை பீன்ஸ் பிடுங்கினது."

"அஞ்சு."

"அஞ்சா?"

"ஓரத்துல ஒண்ணு. நீங்க எண்ணியிருக்க மாட்டீங்க."

"அடிப்பாவி! பதினோரு வருஷமா எனக்குக் கணக்குல ஒரு வரிசை இடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. பஸ் குலுங்கியது. அவர் இரண்டு கையாலும் நோட்டை அசையாமல் பிடித்துக்கொண்டார். 'எழுத ஒன்றுமில்லை' என்பதற்குக் கீழே கோணல்மாணலாக, ஐந்து வரிசை என்று அவள் எழுத ஆரம்பித்தாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பக்கம் இருந்தால், நோட்டைப் பிடித்துக்கொள்ள இரண்டு கைகள் பக்கத்திலேயே இருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் மண் குளிர்ந்திருக்கட்டும், பிள்ளைகள் பசியறியாமல் வளரட்டும். போய் வாருங்கள்.