பெட்டி இலக்கம் நாற்பத்தொன்று

தந்தித் தாளில் தன் அண்ணன் ரிஸ்வி நானாவின் பெயரை எழுதிவிட்டுப் பௌசியா பேனாவை நிறுத்தினாள்.

"முகவரிங்க?" என்றார் தபாலதிபர் கந்தப்பன்.

"பெட்டி இலக்கம் நாற்பத்தொன்று, திருகோணமலை."

"பொட்டிக்குப் போட்டா கெழமைக்கு ரெண்டு தடவதாங்க எடுப்பாங்க. எந்த முகாம்னு தெரியுமா? தெரிஞ்சா இப்பவே போன் போட்டுச் சொல்லிரலாம். பொழுது சாயிறதுக்குள்ள வந்துருவாரு."

ரிஸ்வி கடற்படைக்காக எதையோ கட்டும் பொறியியலாளன். எதை, எங்கே என்று யாரிடமும் சொல்வதில்லை எனக் கையெழுத்துப் போட்டிருந்தான். போன பெருநாளன்று அடுப்படியில் வைத்து அவளிடம் மட்டும் முகாமின் பெயரைச் சொன்னான். "வெளிய தெரிஞ்சா என்ட வேல போயிரும்" என்றான்.

அவளுக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள்.

"தெரியாது" என்றாள்.

வாப்பா இப்றாஹிம் விடியற்காலைத் தொழுகையில் பாயிலேயே உயிர் பிரிந்து சாய்ந்திருந்தார். பகலுக்குள் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். மழை பெய்தது. பின்கதவின் கீழாகத் தண்ணீர் வீட்டோடு சேர்ந்த கடைக்குள் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் சாக்கைப் போட்டபடி வாப்பா சொல்வார்: "எஞ்சினியர் தொர நாட்டுக்கே கட்டுறாராம். வாப்பாட கடைக்குப் பின்னால தண்ணி ஓட ஒரு கான் வெட்ட நேரமில்ல." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

இன்று மாமா மஃறூப் சாக்கைப் போட்டார்.

"லுஹர் தொழுகையோட எடுத்திருக்கணும் ராத்தா. மையத்த வெச்சிட்டு இப்பிடி ஈக்கேலா."

"அஞ்சு மணி பஸ்ஸையும் பாப்பம் தம்பி" என்றாள் உம்மா. "புள்ள முகத்தப் பாக்கட்டும். தந்தி இதுக்குள்ள கெடச்சிருக்கும்தானே மகள்?"

பௌசியா ஊதுவத்தியின் சாம்பலைத் தட்டினாள்.

அஸர் தொழுகை முடிந்தது. ஐந்து மணி பஸ்ஸில் வந்தவர்கள் குடைகளை விரித்துக்கொண்டு கடையைக் கடந்து போனார்கள். மஃறூப் வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் கபனை இழுத்து முகத்தை மூடினார்.

மூன்றாம் நாள் ரிஸ்வி வந்தான். உம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்த பிறகு அடுப்படிக்குப் பௌசியாவிடம் வந்தான்.

"எந்த முகவரிக்குத் தந்தி அடிச்ச?"

"பெட்டிக்கு."

"முகாம்ட பேரக் கேக்கலியா?"

"கேட்டாங்க."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. கேத்தலை இறக்கி வைத்துவிட்டு, "நல்லது" என்றான். மண்வெட்டியையும் ஒரு வெற்றுச் சோடாப் போத்தலையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

பின் ஜன்னலில் எதிர்ச்சரிவின் மையவாடியும் அங்கே வாப்பாவைப் புதைத்த கபுறும் தெரிந்தன. மழை விடவில்லை. ரிஸ்வி போத்தலில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, கபுறுக்கு மேற்புறத்து மண்ணில் படுக்கவைத்து, உள்ளே தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்த்தான். ஓரடி தள்ளி வைத்து மறுபடியும் பார்த்தான். பிறகு மண்ணை வெட்டத் தொடங்கினான்.

பௌசியா ஜன்னலிலேயே நின்றாள். மேலிருந்து வந்த செந்நிறத் தண்ணீர் புதிய கானில் சற்றுத் தேங்கி நின்று, கபுறைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது.