விஜயபுரத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் வீசிய காற்று

2018 ஜனவரி 11, காலை ஆறு இருபதுக்கு விஜயபுரத்தில் வேதாச்சலத்தின் வீட்டில் மட்டும் அனல்காற்று வீசத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக் கூரைகளில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. அதே நேரம் திருப்பதியில் அவருடைய மகள் பிரியங்கா, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காக, சூரியக் காற்றின் சிமுலேஷனை முதல்முறை ஓடவிட்டிருந்தாள். சூரியனிலிருந்து புறப்படும் அந்தக் காற்று விலகிப் போகப் போக ஆறவேண்டிய அளவுக்கு ஆறுவதில்லை. ஏன் என்பதுதான் அவள் ஆய்வு. சிமுலேஷன் நின்றால் ஊரில் காற்றும் நின்றது.

மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தார் ஈரத்துணியைக் கொண்டுவந்து அங்கே காயப்போட்டார்கள். வேதாச்சலம் சுவரில் வெப்பமானி மாட்டி, தினமும் காலையில் போனில் அளவு சொன்னார். முப்பத்தொன்பது டிகிரி. பெரிய கம்ப்யூட்டருக்காக அவள் இன்னும் தள்ளி, பெங்களூருக்குப் போனதும் நாற்பத்தெட்டு. அந்த ஆனியில் வீட்டு அனலில் கிடந்த மூட்டையிலிருந்து எடுத்து விதைத்த வேர்க்கடலையில் ஒன்றுகூட முளைக்கவில்லை. வேதாச்சலத்தின் அப்பாவுக்குச் சொந்த நிலம் இருந்ததில்லை. இவருக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது.

வேதாச்சலமும் மனைவி மணியம்மாவும் பாகாலாவில் இருந்த அவருடைய தங்கை செல்வி வீட்டுக்குப் போய்த் தங்கினார்கள். காற்றும் வந்தது. விஜயபுரத்து வீடு குளிர்ந்தது. செல்வி நான்கு நாள் பொறுத்தாள். "எம்மா நாளு இருப்பீங்க அண்ணா? என் எருமை கறக்கும்போதே பால காய்ச்சிக் குடுத்துக்கினு கீது" என்றாள். திரும்பிவிட்டார்கள்.

அப்பா சொன்ன எண்களைப் பிரியங்கா ஒரு கோப்பில் சேர்த்து, விண்கலத் தரவுகள் இருந்த ஃபோல்டரிலேயே வைத்திருந்தாள். தூரத்துக்கு ஏற்ற வெப்பத்தைக் கணிக்க அவள் எழுதிய மெஷின் லேர்னிங் நிரல் அந்த ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றையும் படித்துப் பழகியது. கணிப்பில் பிழை பாதியாகக் குறைந்தது. காரணம் தெரிந்ததும் கோப்பை எடுத்துவிட்டாள், பிழை ஏறியது. திரும்ப வைத்தாள். கட்டுரையில் அதற்குத் 'தரைநிலை அளவீடு' என்று பெயர் கொடுத்தாள். அது எந்தத் தரை என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு மின்னஞ்சலையும் கேட்கப்போகிறார்கள் என்றே திறந்தாள்.

2019இல் ஜெர்மனியிலிருந்து இரண்டு வருட வேலைக்கு அழைப்பு வந்தது. பதில் சொல்ல ஒரு வாரம் இருந்தது. விஜயபுரத்திலிருந்து அங்கே உள்ள தூரத்தை நிரலில் கொடுத்தாள். அறுபத்தொன்று என்றது. பதினோரு முறை ஓட்டினாள். அறுபத்தொன்று. வீட்டுக்குப் போன் செய்து, கொஞ்சம் ஏறும் என்றாள். கடைசி நாள் காலையில் வேதாச்சலம் தானே கூப்பிட்டார். ஜன்னலுக்கெல்லாம் ஈரச்சாக்கு கட்டிவிட்டதாகச் சொன்னார்.

"வெதய காணிப்பாக்கத்துல தெரிஞ்சவங்க வூட்ல வெச்சிட்டேம்மா. நீ யோசிச்சிக்கினு நிக்காத, வர்றேன்னு எழுதிடு."

மணியம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வெதைக்கு எடம் பாத்துட்டாரு உங்க நைனா. எங்களுக்கு எவ்ளோ ஏறும்னு உன் கம்ப்யூட்டரு சொல்லிச்சில்ல, அத சொல்லுடி."